கோட்டுக்குள் வந்தவள்

“பிடி, பிடி” என்று கத்திவிட்டார் தவசிமுத்து.

வலது ஓரத்தில் நின்ற பவானி பாய்ந்தாள். கபடி பாடிக்கொண்டு வந்த நீலச்சட்டைக்காரி அந்தப் பாய்ச்சலுக்காகவே காத்திருந்தவள்போல் இடுப்பை ஒடித்து விலகினாள். பவானியின் விரல்கள் மண்ணை அள்ளின. நீலச்சட்டைக்காரி அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடுக்கோட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

பவானி முழங்காலைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள். இருபத்தேழுக்கு இருபத்தாறு. பவானியின் குழுவுக்கு ஒரே ஒரு புள்ளி முன்னிலை. களத்தில் இனி மூன்று பேர்.

“ஏன் கத்துனீங்க, அண்ணாச்சி?” என்றார் லீதியாள் டீச்சர், ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“வந்துட்டாளே டீச்சர். நம்ம கோட்டுக்குள்ள, கைக்கெட்டுற தூரத்துல வந்து நின்னா பிடிக்காம என்ன செய்யதுக்கு?”



தவசிமுத்துவுக்கு அறுபத்திரண்டு வயது. டீச்சருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தன் தெருப் பெண்பிள்ளைகளைக் கொண்டு ஒரு கபடிக் குழு கட்ட ஆசைப்பட்டு, கபடிப் பயிற்சி தரும் டீச்சரிடம் வந்து சேர்ந்தார். “எனக்குப் பிடிக்கத் தெரியும். சொல்லிக்கொடுக்கத் தெரியாது” என்றார் வந்த அன்று. அதற்குப் பிறகு டீச்சர் நில் என்றால் நின்றார், கோடு போடு என்றால் சுண்ணாம்பு வாளியைத் தூக்கினார்.

வீட்டில் மனைவிக்கு மட்டும் தெரிந்த விஷயத்தை இன்று இடைவேளையில் டீச்சரிடமும் சொல்லியிருந்தார். மூத்திரப்பைக்குக் கீழே, புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். ஒரு பெண்ணிடம் சொல்லக் கூசி, மைதானத்துக் கொடிக்கம்பத்தைப் பார்த்துச் சொன்னார்.

இப்போது டீச்சரின் குழுப் பெண் ஒருத்தி எதிர்ப்பக்கம் பாடிப் போனாள். கூட்டம் எழுந்து நின்றது.

“டாக்டர் என்னதான் சொல்லுதாரு?” என்றார் டீச்சர்.

“சின்னதாம். மெதுவா வளர்ற ரகமாம். இப்ப வெட்ட வேண்டாம், பார்த்துக்கிட்டே இருப்போம்ங்காரு.”

“சரி.”

“என்ன சரி? கைவிட்டுட்டாருன்னு அர்த்தம். நாளைக்கு விடியக்காலம் மதுரைக்குப் போறேன். அங்க ஒரு ஆஸ்பத்திரியில, நாம கேட்டா உடனே எடுத்துருவாங்களாம்.”

“எடுத்தா என்னென்ன ஆகலாம்னு சொன்னாரா?”

“மூத்திரம் அடங்காமப் போகலாமாம். வேற சிலதும்...” அவர் கண் கொடிக்கம்பத்தைத் தேடியது. “அதெல்லாம் உங்ககிட்ட சொல்ல முடியாது.”

“சொல்ல வேண்டாம். எனக்கும் கல்யாணம் ஆயிருக்கு.”

பாடிப் போனவள் யாரையும் தொடாமல் திரும்பி ஓடி வந்தாள். புள்ளி இல்லை. நேரம் கொஞ்சம் கரைந்தது.

“உள்ள ஒருத்தன் வந்து உக்காந்திருக்கான் டீச்சர். தெரிஞ்ச பொறவு எப்படித் தூங்க?”

“பார்த்துக்கிட்டே இருப்போம்னாரே, எதைப் பார்ப்பாராம்?”

“ரத்தத்துல ஏதோ ஒரு அளவாம். அது ஏறுதான்னு அப்பப்பப் பார்ப்பாங்களாம். ஸ்கேனாம். தேவைப்பட்டா மறுபடி ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்ப்பாங்களாம்.”

“ஏறுனா?”

தவசிமுத்து தோள்துண்டை இழுத்துவிட்டார். “அதைக் கேக்கல. கோவத்துல எந்திரிச்சு வந்துட்டேன்.”

நடுவர் கையைக் காட்டினார். கடைசி ரைடு. மறுபடியும் நீலச்சட்டைக்காரிதான். ஒருத்தியைத் தொட்டுத் திரும்பினால் ஆட்டம் சமன். இரண்டு பேரைத் தொட்டால் கோப்பை அவர்களுக்கு.

“ஜெனோவாவுக்கு நீங்க சொல்லுங்க அண்ணாச்சி” என்றார் டீச்சர்.

“நானா? இப்பத்தானே ஒண்ணைக் கெடுத்தேன்.”

“அதனாலதான்.”

டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் போய் நின்றார்.

இடது ஓரத்தில் ஜெனோவா குனிந்து நின்று அவரைப் பார்த்தாள். தவசிமுத்து கோட்டோரம் வந்து நின்றார்.

“அவ முகத்தைப் பாக்காதட்டி. காலைப் பாரு.”

நீலச்சட்டைக்காரி பாடிக்கொண்டே உள்ளே வந்தாள். வலப்பக்கம் போகிறவள்போல் காட்டி இடப்பக்கம் வந்தாள். தொடையில் தட்டி அழைத்தாள். ஜெனோவாவுக்கு எதிரே நின்று வலது காலை மெல்ல நீட்டினாள். பிடித்துக்கொள் என்பதுபோல் கிடந்தது கால்.

“பிடி, பிடி” என்று கூட்டம் அலறியது. பவானியும் அலறினாள்.

தவசிமுத்துவின் தொண்டைவரை அந்தச் சொல் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் காலையே பார்த்தார். அதில் பாரம் இல்லை. உடம்பு முழுக்கப் பின்காலில் இருந்தது.

“பின்கால் வரல. விட்டுரு” என்றார்.

கால் திரும்பிப் போனது. மறுபடி வந்தது.

“விட்டுரு. பாத்துக்கோ.”

ஜெனோவாவின் முகத்தில் வேர்வை கொட்டியது. துடைக்கக் கை போகவில்லை. தவசிமுத்து தன்னையறியாமல் அவளைப்போலவே குனிந்து நின்றிருந்தார். அவருடைய வேட்டி மண்ணில் புரண்டது.

பின்கால் எழுந்தது.

“இப்ப விலகு” என்றார்.

ஜெனோவா அதற்கு முன்பே பின்னால் வழுக்கிப் போயிருந்தாள். நீலச்சட்டைக்காரியின் விரல்கள் அவள் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி மண்ணைத் தொட்டன. நீட்டிய உடம்பில் மூச்சு மிச்சமில்லை. பாட்டு அறுந்தது. நடுவர் ஊதி அவளை வெளியே காட்டினார். ஆட்டம் முடிந்தது.

ஒருத்தியும் அவளைப் பிடிக்கவில்லை. அவளும் ஒருத்தியையும் தொடவில்லை.

கூட்டம் கோட்டைத் தாண்டிக் களத்துக்குள் பாய்ந்தது. பவானி ஓடிப்போய் ஜெனோவாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இருவரும் மண்ணில் விழுந்து உருண்டார்கள். தவசிமுத்துவும் இரண்டு குதி குதித்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பினார்.

“மதுரைக்குப் போகல, டீச்சர். நம்ம டாக்டர்கிட்டயே போறேன். ஏறுனா என்ன செய்வீங்க, எப்பச் செய்வீங்கன்னு கேக்கணும்.”

“கேளுங்க.”

“கேக்கேன்.” அவர் குரல் இன்னும் மூச்சிரைத்தது. “ஆனாலும் ஒண்ணு. நாம ஒண்ணுமே செய்யலையே டீச்சர். சும்மா நின்னுட்டு, ஜெயிச்சோம்னு எப்படிச் சொல்ல?”

டீச்சர் களத்தைக் காட்டினார். ஜெனோவா உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது கால் அவளுக்குச் சம்பந்தமில்லாததுபோல் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது.

“போய் அந்தக் கெண்டைக்காலைத் தொட்டுப் பாருங்க அண்ணாச்சி. சும்மா நின்ன காலா அது?”

தவசிமுத்து போனார். மண்ணில் உட்கார்ந்து அந்தக் காலைத் தொட்டார். கல்லாக இறுகியிருந்தது. பெண்கள் கோப்பையைக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் ஜெனோவாவின் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்து, கட்டைவிரலை மெல்லத் தன் பக்கமாக இழுத்து, தசை இளகும்வரை நீவிக்கொண்டிருந்தார்.