ஆமைப் படத்துல ஒரு கீறல்

ஒரு ஊர்ல ஒரு படம் இருந்துச்சாம். ராஜா இல்ல, ராணி இல்ல, வெறும் படம். ரெண்டு கொக்கு குச்சியத் தூக்கிட்டுப் பறக்குது, நடுவுல ஆமை அதக் கவ்விட்டுத் தொங்குது. வாயத் தொறந்தா? தொப்பு! அந்தக் கதைதான். ம் கொட்டு.

ஓவியப் பள்ளிக்கூடத்து சார் ஒருத்தர் செப்புத் தகட்டுல ஊசியால கீறின படம். ஆமையச் சதுரமாப் போட்டிருப்பார், அவர் இஷ்டம். தகட்டுல மை தடவி, தொடைச்சு, மேல தாள வெச்சு, கரகரன்னு சக்கரத்தச் சுத்தி அச்செடுத்தவ பவுனு. அங்க அவளுக்கு அதான் வேல. சார் கீழ பென்சில்ல கையெழுத்துப் போட்டு, ஒண்ண அவளுக்கே குடுத்துட்டார்.

அப்புறம் பவுனுக்கு வயசாச்சு. தம்பி மகன் வேலாயுதம் வீட்டுக்கு வந்தா. அவன் சொல்றான், "அத்தே, இது காலண்டர் படம். பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டு அங்க டிவி மாட்டப்போறேன்."

பவுனு பேசுற ஆளே இல்ல. "நெசப் படம்டா"ன்னா, அவ்ளோதான்.

"தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்துச் சொல்லட்டும். இல்லேன்னா பேப்பர்காரன்தான்."

படத்துக் கண்ணாடி வேற விரிசல், மாத்தறதுக்குக் கடைக்குக் கொண்டுபோனா. ஃப்ரேம் கடைக்காரர் கத்திரிய எடுத்தார், "கீழ ஓரத்துல பென்சில் கிறுக்கல், வெட்டிடவா?" பவுனு வெடுக்குனு பிடுங்கிட்டா, ம்ஹூம்! அப்புறம் வேலாயுதம் பொண்டாட்டி கோமதி, "லேமினேஷன் போட்டா பளபளன்னு இருக்கும்"னா. அதுக்கும் ம்ஹூம்.

மூணாவதா வந்தாங்க எஸ்தரம்மா, படங்களுக்கு மதிப்புப் போடறவங்க. லென்ஸ வெச்சுப் பாத்தாங்க, கையில இருந்த புத்தகத்தப் பாத்தாங்க. "இதே படம் மியூசியத்துல இருக்கு. அதுல வானத்துல இந்தக் கோடு இல்ல. இது நகல்மா."

வேலாயுதம் டக்குனு படத்த எடுத்துட்டான். பவுனு இப்பவும் பேசலேன்னா போச்சு! முழிச்சிருக்கியா? ம்.

அப்போ வாயத் தொறந்தா பாரு. "மொத மூணு தாள்ல கோடு இருக்காதும்மா. நாலாவதுக்குத் தகட்டத் தொடைக்கறப்போ என் வளையல் கீறிடுச்சு. கீச்! அழுதுட்டேன். சார் திட்டல. 'காத்து வரைஞ்சிட்டே பவுனு, இருக்கட்டும்'னார். இது அந்த நாலாவது."

எஸ்தரம்மா பென்சில் கிறுக்கலப் பாத்தாங்க. கையெழுத்து, பக்கத்துல நாலுன்னு நம்பர். புத்தகத்துல இருந்த மியூசியப் படத்துல ரெண்டு, அதான் கோடு இல்ல. தாள விரலால தடவுனா தகடு அழுந்தின பள்ளம், நகல்ல அது வராது. "நெசப் படம்தான். நான்தான் அவசரப்பட்டுட்டேன்"னாங்க. "ஓரத்த வெட்டியிருந்தா, லேமினேட் பண்ணியிருந்தா, இத எப்படிச் சொல்லியிருப்பேன்? வெயில் படாத, ஈரமில்லாத சுவத்துல மாட்டுங்க. கண்ணாடி தாளத் தொடக்கூடாது."

வேலாயுதமே போய்ப் புதுக் கண்ணாடி போட்டுட்டு வந்தான். ஆணியும் டொக்கு டொக்குனு அடிச்சான்.

பவுனு காஞ்ச துணியால புதுக் கண்ணாடியத் தொடைக்கப் போனா. போறதுக்கு முன்னால வளையலக் கழட்டி வெச்சா.

ஆமை குச்சிய விடல, பவுனு படத்த விடல, கதையும் ஆச்சு. நீ முழிப்ப விடு, தூங்கு.