ஐந்து துபாஷிகளும் ஒரு முடிச்சும்

முன்னொரு காலத்தில், கடலோரத்து ராஜ்ஜியம் ஒன்றில், தன் சபைக்குத் தெரியாத சொல்லே உலகத்தில் இல்லை என்று நம்பிய ஒரு ராஜா இருந்தார். அவருக்குத் தெரிந்தது என்னவோ ஒரே பாஷைதான், அதிலும் அதட்டுவதற்கு வேண்டிய அளவு மட்டும். ஆனால் ஐந்து துபாஷிகளை வைத்துச் சோறு போட்டார். எந்தக் கப்பல் வந்தாலும், கப்பல்காரன் வாயைத் திறப்பதற்கு முன்பே ஐந்து பேரும் அர்த்தம் சொல்லத் தயாராக நிற்பார்கள்.

அந்தச் சபையில் சடையன் என்று ஒரு விகடன் இருந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். ராஜா சிரித்தால் அன்றைக்கு யாரோ ஒருவருக்குச் சவுக்கடி மிச்சம். அதனால் ஊருக்கே அவனைப் பிடிக்கும். தலைமைத் துபாஷி அனந்தகோபருக்கு மட்டும் அவனைக் கண்டால் வயிற்றெரிச்சல். ஐந்து பாஷை படித்த தன்னை விட, வாயால் கோமாளித்தனம் செய்பவனுக்கு ராஜா பக்கத்தில் இடமா என்ற புகைச்சல்.

ஒருநாள் கரைக்காவலர்கள் ஒருவனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எந்தத் தேசத்தானோ தெரியவில்லை. உதடெல்லாம் உப்பு வெடித்திருந்தது. ராஜாவின் படகுத்துறையிலிருந்து ஒரு படகை அவிழ்த்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது பிடித்தார்களாம். படகுக்குள் நான்கு குடம் நல்ல தண்ணீர். படகைத் திருடினான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒற்றை ஆளுக்கு நான்கு குடம் தண்ணீர் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

அந்த ராஜ்ஜியத்தில் மூன்று வழக்கங்கள். ராஜாவின் படகைத் தொட்டவனுக்குத் தலை போகும். தலை போகிறவனுடைய கடைசி ஆசை நிறைவேறாமல் வாளை உறையிலிருந்து எடுக்கக் கூடாது. மூன்றாவது, குற்றவாளி ராஜாவின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டித்தான் நிற்க வேண்டும். மூன்றும் ராஜாவின் பாட்டனார் காலத்திலிருந்து வருபவை.

மூன்று நாள் சிறையில் வைத்திருந்து நான்காம் நாள் காலையில் அவனைச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். "உன் கடைசி ஆசை என்ன?" என்று துபாஷிகள் ஆளுக்கொரு பாஷையில் கேட்டார்கள். அவன் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னான்.

"நா."

சொல்லும்போது தாடையை மேலே தூக்கி ஆட்டினான். ராஜாவுக்கு எதிரில் தாடையைத் தூக்குவது திமிர். காவலன் அவன் பிடரியில் கை வைத்து அழுத்தினான். அவன் மறுபடி தூக்கினான். காவலன் மறுபடி அழுத்தினான்.

"மகாராஜா, இவன் வடக்கத்தியான்" என்றார் முதல் துபாஷி. "வடக்கே 'நா' என்றால் இல்லை என்று அர்த்தம். தனக்கு ஆசை எதுவும் இல்லை என்கிறான்."

"தவறு, மகாராஜா. தெலுங்கில் 'நா' என்றால் என்னுடைய. படகு என்னுடையது என்று வாதாடுகிறான்" என்றார் இரண்டாமவர்.

சயாம் தேசத்து பாஷை தெரிந்தவர் எழுந்தார். "அங்கே நெல்வயலுக்கு 'நா' என்று பெயர். பாவம், வயலைப் பார்க்க ஆசைப்படுகிறான்."

"சிங்களத் தீவில் 'நா' என்பது நாகமரம், மகாராஜா. இரும்பு போன்ற மரம்" என்றார் நான்காமவர்.

கடைசியாக அனந்தகோபர் தொண்டையைச் செருமினார். "நம் தமிழ் இருக்கும்போது கடல் தாண்டிப் போவானேன்? நா என்றால் நாக்கு. அவன் நாக்கை அறுத்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டால் ஆசை நிறைவேறிவிடும்."

சபையே சிரித்தது. பிறகு சண்டை மூண்டது. ஒரு துபாஷி இன்னொருவரின் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தார். ராஜாவுக்கு ஒரே குஷி. இத்தனூண்டு சொல்லுக்குள் இத்தனை சங்கதியா என்று தொடையைத் தட்டினார். நடுவில் நின்றவன் சொல்லிச் சொல்லிக் குரல் அடைத்துப்போய், கடைசியில் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான். இப்படியே போஜன வேளை வந்துவிட்டது.

அப்போதுதான் அனந்தகோபர் வலையை விரித்தார். "மகாராஜா, நாங்கள் வெறும் படிப்பாளிகள். சடையனோ மகா புத்திசாலி. இவன் கேட்ட பொருளை நாளை உச்சிப்பொழுதுக்குள் சடையன் இந்தச் சபையில் கொண்டுவந்து வைக்கட்டும். வைக்க முடியாவிட்டால் இரண்டு தலையாகப் போகட்டும்."

"பேஷ்! அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. அவருக்கு அது ஒரு விளையாட்டு.

சடையன் வீட்டுக்குப் போய்ச் சோற்றைத் தொடவில்லை. தன் தலையைப் பற்றிய பயம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அந்த வெடித்த உதடு அவனை அதைவிட அதிகமாகப் படுத்தியது. ஐந்து அர்த்தங்களையும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தான். எந்த அர்த்தத்தை எடுத்தால் இவன் அதிக நாள் உயிரோடு இருப்பான்? இப்படித்தான் யோசித்தான். நல்ல மனசோடுதான் யோசித்தான். சொல்லையே யோசித்தான்.

மறுநாள் உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால், ஒரு சாண் உயரக் கன்று ஒன்றை மண்ணோடு கையில் ஏந்திக்கொண்டு சபைக்குள் வந்தான். தீவரசன் முன்பு எப்போதோ அனுப்பி அரண்மனைத் தோட்டத்தில் வளர்ந்துகொண்டிருந்த நாகமரக் கன்று.

"தீவின் துபாஷி அவர்களே, இது என்ன?"

"நா."

"சந்தேகமில்லையே?"

"இல்லை. நாவேதான்."

"மகாராஜா, பொருள் வந்துவிட்டது, என் தலை என்னுடையது" என்றான் சடையன். "ஆனால் அவன் ஆசைப்பட்டது மரம். அதன் நிழலில் ஒரு தடவையாவது அவன் உட்கார வேண்டாமா? கொண்டுவருவது என் வேலை, முடித்துவிட்டேன். வளர்வது மரத்தின் வேலை. அதை அவசரப்படுத்த மகாராஜாவாலும் முடியாது. துபாஷி அவர்களே, இது நிழல் தர எத்தனை வருஷம் ஆகும்?"

"மெதுவாக வளரும் ஜாதி. இருபது, முப்பது வருஷம் ஆகலாம்."

"அதுவரை வாள் உறையில் தூங்கட்டும். பாட்டனார் வழக்கம்."

அனந்தகோபரின் முகம் சுண்டிப்போயிற்று. ராஜா சிரித்தார். தலைப்பாகை நழுவி மடியில் விழும்வரை சிரித்தார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சடையன் கழுத்தில் போட்டார். சபை முழுவதும் சிரித்தது. சடையனும் சிரித்தான். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவன் நெஞ்சு நிறைந்திருந்தது. மற்ற கதைகள் எல்லாம் இந்த இடத்தில் முடிந்துவிடும்.

கடைசி ஆசைப் பொருளைக் கேட்டவன் தன் கையாலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவும் இரண்டாம் வழக்கத்தோடு சேர்ந்ததுதான். காவலன் அவன் கைக்கட்டை அவிழ்த்தான். சடையன் கன்றை நீட்டினான்.

அந்த மனிதன் கன்றைப் பார்க்கவே இல்லை. வீங்கிப்போன வலது கையைத் தூக்கி, சாளரத்துக்கு வெளியே, கடலைச் சுட்டிக் காட்டினான். "நா" என்றான். பிறகு இரண்டு கை விரல்களையும் விரித்து ஏழு காட்டினான். ஒரு விரலை இடுப்புயரத்துக்குத் தாழ்த்தி, இவ்வளவு சின்னது என்று காட்டினான். குடத்தைச் சாய்ப்பதுபோல் கையை வாயருகே கொண்டுபோனான். மறுபடி கடலைக் காட்டினான்.

"நா. நா."

அங்கே. அவ்வளவுதான். கை கட்டிக் கிடந்தபோது தாடையால் காட்டியதும் அதைத்தான். துபாஷியே வேண்டியிருக்கவில்லை.

சடையன் கையிலிருந்த கன்று கீழே விழுந்தது. அவன் தெருவில் விழுந்தடித்து மீனவர் துறைக்கு ஓடினான். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒச்சன் என்ற படகோட்டியை இழுத்துக்கொண்டு வந்தான். தண்ணீர்க் குடங்களோடு மூன்று படகுகள் போயின. முதல் படகில், காவலர் யாரும் தடுக்காமல், அந்த மனிதன் நின்றுகொண்டே போனான்.

பொழுது சாயும்போது படகுகள் திரும்பின. ஒச்சன் சடையனின் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"கெழக்கால மணல்திட்டுங்க. கப்பல் ஒடஞ்சு ஒதுங்கியிருக்காங்க. துடுப்ப நட்டு அதுல துணியக் கட்டி வச்சிருந்தாங்க. ஏழு பேருங்க. ஒரு பொம்பளப் புள்ளையும் அதுல."

"யாராவது..."

"இல்லீங்க. கடைசியா இருந்த அம்மா இன்னிக்குக் காலையிலதான் போயிருக்கு. ஒடம்பு இன்னும் முழுசா வெறைக்கல. நேத்து வந்திருந்தா அந்த அம்மாவாச்சும் பொழச்சிருக்கும்."

நேற்றுக் காலையில் சபையில் அங்கவஸ்திரம் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அவர் எங்கே?"

"வர மாட்டேன்னுட்டாருங்க. எத்தனையோ கூப்பிட்டோம், எங்க பாசை அவருக்கு எங்க புரியும்? தண்ணிக் குடத்த வச்சிட்டு வந்துட்டோம்."

மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தார்கள். மணலில் ஏழு மேடுகள் இருந்தன. குடங்கள் வைத்தது வைத்தபடி நிரம்பியிருந்தன. அவன் இல்லை. அவன் பெயர்கூட யாருக்கும் தெரியாது. அவன் சொன்னதில் நமக்கு மிஞ்சியது அந்த ஒரே சொல்தான்.

அன்று ராஜா சபைக்கு வந்தார். அவருக்கும் மனசு சரியில்லை. அது தாங்காமல், "சடையன் எங்கே? வரச் சொல்லுங்கள். ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்க வைக்கட்டும்" என்றார்.

சடையன் வந்தான். முத்துமாலையைக் காணோம். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கட்டப்பட்டிருந்தன. வாசல் காவலனைக் கெஞ்சிக் கட்டச் சொல்லியிருந்தான். குற்றவாளி நிற்கும் இடத்தில் வந்து நின்றான். ராஜாவுக்கு நேராகத் தாடையைத் தூக்கினான்.

"நா" என்றான்.

ஐந்து துபாஷிகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரும் அர்த்தம் சொல்ல எழுந்திருக்கவில்லை.

ராஜா சிங்காசனத்திலிருந்து இறங்கி வந்தார். அவனுக்குப் பின்னால் போய் நின்று, தன் கையாலேயே முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். பழக்கமில்லாத கை. கயிறு வியர்வையில் நனைந்து இறுகியிருந்தது. அவிழ்க்க நெடுநேரம் பிடித்தது.