வீட்டுக்கு வீடு மாற்று

சிறியோரே, பெரியோரே, கொஞ்சம் காது கொடுங்கள்.

நம் பாட்டன்மாரின் பாட்டன்மாருக்கும் முந்திய காலத்தில், வெண்குன்றூரை மாறவேள் என்றொரு அரசன் ஆண்டான். கெட்டவன் அல்லன். ஆனால் கடைசியாகக் காதில் பேசியவர் சொன்னதே அவனுக்கு நியாயம்.

அந்த ஊரில் மூன்று தெருக்கள். மேலத் தெருவில் கப்பல் வணிகர்கள். கீழத் தெருவில் கூலிக்காரர்கள். நடுத் தெருவில் செக்காட்டுவோர், நெய்வோர், தச்சர், தட்டார்.

அரசன் மதில் கட்ட ஆசைப்பட்டான். மேலத் தெருக்காரர்கள் அவனுக்கு விருந்து வைப்பவர்கள். அவர்களிடம் வரி கேட்கக் கூசினான். கீழத் தெருவில் கேட்டால் கிடைக்க ஒன்றுமில்லை. நடுத் தெரு கொடுத்தது. மறு ஆண்டு மண்டபம் கட்டினான். நடுத் தெரு கொடுத்தது. மூன்றாம் ஆண்டு பூஞ்சோலை வேண்டும் என்றான்.

செங்கமலம் செக்காட்டி மூன்று பிள்ளைகளை வளர்த்த கைம்பெண். முதல் ஆண்டு வரிக்குக் காதுத் தோட்டை விற்றாள். மறு ஆண்டு வெண்கலப் பானையை விற்றாள். மூன்றாம் ஆண்டு சேவகர்கள் செக்குமாட்டின் கயிற்றைப் பிடித்தார்கள். அவள் பிடியை விடவில்லை. மாட்டோடு நடந்து அரசவைக்கே வந்து நின்றாள்.

வணிகர் தலைவன் குபேரதத்தன் சிரித்தான். "அரசே, இவளுக்கு ஓட்டு வீடு இருக்கிறது, செக்கு இருக்கிறது, மாடு இருக்கிறது. இன்னும் என்ன குறை?"

"குறை இல்லையா ஐயா?" என்றாள் செங்கமலம். "அப்படியானால் மாற்றிக்கொள்வோம். என் வீடு, செக்கு, மாடு, வரி நான்கும் உங்களுக்கு. உங்கள் வீடும் வரிவிலக்கும் எனக்கு."

குபேரதத்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் அடுத்தவரைப் பார்த்தாள். "முத்து வணிகரே, நீங்கள்?" அவர் தாடியைத் தடவினார். "யானைத் தந்தம் விற்பவரே, நீங்களாவது?" அவர் தரையைப் பார்த்தார்.

"உனக்கு வாய் நீளம்!" என்று சீறினான் அரசன்.

"நீளம்தான் அரசே. மூன்று வருஷமாக மடித்து வைத்திருந்தேன். இல்லை என்று கையேந்த எங்களுக்குக் கூச்சம். இருக்கிறது என்றால் அது பொய். அந்தக் கூச்சத்தின் மேல்தான் உங்கள் மதில் நிற்கிறது."

"மாட்டைப் பிடியுங்கள்!" என்றான் அரசன்.

அப்போது வாசலில் குளம்புச் சத்தம் கேட்டது. நடுத் தெருவின் செக்குமாடுகள் அத்தனையும் வந்திருந்தன. தறியைத் தோளில் சுமந்து நெசவாளர்கள் வந்தார்கள். உளியோடு தச்சர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், யாரும் கூப்பிடாமலே, கீழத் தெருவும் வந்து நின்றது.

"எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்," என்றாள் செங்கமலம். "நாளை முதல் எண்ணெய் ஆட்டுவதும் துணி நெய்வதும் உங்கள் பொறுப்பு."

அரசன் வணிகர்களைப் பார்த்தான். செக்காட்டத் தெரிந்த கை அங்கே ஒன்றுகூட இல்லை. "கயிற்றை விடுங்கள்," என்றான்.

சேவகர்கள் விட்டார்கள். செங்கமலம் அசையவில்லை. "இன்று விட்டால் போதாது அரசே. சட்டமாகச் சொல்லுங்கள்."

அன்றே முரசு முழங்கியது: அதிகம் உடையவர் அதிகம் தரவேண்டும், கொஞ்சம் உடையவர் கொஞ்சம் தரவேண்டும், இல்லாதவருக்கு அரசன் தரவேண்டும். பூஞ்சோலைக்கு முதல் வரியைக் குபேரதத்தன் கட்டினான், முகத்தைச் சுளித்துக்கொண்டே.

கேட்டவர்கள் மனத்தில் முடிந்துகொள்ளுங்கள்: பேசாமல் சுமக்கிறவன் தலையில்தான் ஊர்ப் பாரம் ஏறும், நிமிர்ந்து நின்று கேட்டால்தான் அது இறங்கும்.