ஊருக்கு ஒரு ரத்தம்

ஆவாரங்காட்டுப்பட்டிக்காரர்களுக்கு எதையும் ஆள் வைத்துச் செய்துதான் பழக்கம். திருவிழாவில் ஊருக்காகத் தீ மிதிப்பவன் ஒச்சப்பன் ஒருத்தன்தான். கால் அவனுடையது, புண்ணியம் எல்லாருக்கும். இவ்வளவு சிக்கனமான பக்தியை வேறெங்கும் பார்க்க முடியாது.

ஊர்த்தலைவர் பெயர் வீரபுத்திரன். ஊசியைக் கண்டால் பேரில் இருக்கும் வீரமும் ஓடிவிடும். கொஞ்ச காலமாக அவருக்கு அடங்காத தாகம். கால் கட்டைவிரலில் வந்த புண் ஆறுவேனா பார் என்றது. அவர் ஒதுங்கும் வேலியோரம் எறும்பு சாரை சாரையாக மொய்த்தது. "தலைவர்னா எறும்புக்குக்கூட மரியாதைதான்" என்றார்கள் ஊரார். அவரும் பூரித்துப்போனார். ஆனால் இப்படித்தான் புண் முற்றிக் காலை இழந்த பக்கத்து ஊர் மச்சானை நினைத்தால் மட்டும் சோறு இறங்காது. பாயசம் இறங்கும்.

அப்போதுதான் நர்ஸ் ஜெசிந்தா வந்தார். "சனிக்கிழமை முகாம் போடுறோம். நோய் முத்துறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிரலாம். சாப்பிடாம வாங்க, ரத்தம் எடுக்கணும்."

ஊர் கூடிப் பேசியது.

"எல்லாருமா குத்து வாங்கணும்?" என்று கேட்டார் தலைவர்.

"எதுக்கு? தீ மிதிக்க ஒருத்தன் போதும்னா ரத்தத்துக்கும் ஒருத்தன் போதும்" என்றாள் செவனம்மா.

"இருக்கிறதுலயே நல்ல ரத்தமா அனுப்பணும். ஊர் மானம் இருக்குல்ல!" என்றார் ஒரு பெரியவர்.

எல்லாரும் ஒச்சப்பனைப் பார்த்தார்கள். தலைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஒச்சப்பன் பட்டினி கிடந்தான். அவன் பங்கு இட்லி வீணாகக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் ஊரார் பகிர்ந்து தின்றார்கள். முடிவு வந்தது: சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை. ஊருக்கே ஒன்றுமில்லை என்று வேட்டுப் போட்டு, அண்டா நிறையப் பாயசம் காய்ச்சினார்கள். தலைவர் சந்தோஷம் தாங்காமல் சொம்பு சொம்பாகக் குடித்தார். மறுநாள் தலைசுற்றி ஊர் மந்தைத் திடலில் விழுந்தார்.

ஜெசிந்தா ஓடிவந்து அவர் விரலில் குத்திப் பார்த்தார். கருவி காட்டியதைக் கண்டு நர்ஸுக்கே மயக்கம் வந்தது. "சர்க்கரை எக்கச்சக்கமா இருக்கு. இன்னிக்கே ஊசி, மாத்திரை ஆரம்பிக்கணும். விட்டா கால் போயிரும்!"

"அதெப்படி? ஊர் ரத்தம் சுத்தம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று ஊரார் நர்ஸிடம் பாய்ந்தார்கள்.

"ஒச்சப்பன் ஏமாத்திட்டான். தலைவரோட சர்க்கரையை எங்கேயோ ஒளிச்சு வச்சிருக்கான்!" என்றாள் செவனம்மா.

உடனே தீர்ப்பு ஆனது. மாத்திரையை ஒச்சப்பனே விழுங்க வேண்டும்; புண்ணே இல்லாத தன் காலில் கட்டும் போட்டுக்கொள்ள வேண்டும். தலைவருக்குக் கண்ணீர் முட்டியது. ஊர் வழக்கத்தை மீறவும் துணிச்சலில்லை, காலை விடவும் மனசில்லை. "நர்ஸம்மா, எப்படியாவது என் காலைக் காப்பாத்துங்க" என்று முணுமுணுத்தார்.

ஜெசிந்தா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு நிதானமாகக் கேட்டார்: "ரத்தம் கொடுக்க ஒச்சப்பன், சரி. வைத்தியம் பார்த்துக்கவும் ஊருக்கு ஒரு ஆள் வேணும்ல? ஊசி, மாத்திரை, பத்தியம் எல்லாத்தையும் உங்க சார்பா ஏத்துக்கணும். தலைவரை விட்டா யாரு இருக்கா?"

ஊரே கைதட்டியது. மாலை போட்டு, மேளம் கொட்டி, தலைவருக்கு ஊசி போட வைத்தார்கள். அவர் ஊருக்காக மாத்திரை விழுங்கினார், ஊருக்காகப் பாயசத்தை விட்டார், விடிந்ததும் ஊருக்காக நடந்தார். ஊர் படுத்துக்கொண்டே அவரை வாழ்த்தியது. புண்ணும் ஆறியது. நம்மைப்போல் கெட்டிக்காரி உண்டா என்று ஜெசிந்தா தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

ஒருநாள் காலை அவர் சுகாதார நிலையத்துக்குள் நுழைந்தால், பிரசவக் கட்டிலில் வீரபுத்திரன் மல்லாந்து கிடக்கிறார். வெளி பெஞ்சில் நிறைமாதக்காரி மாயக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "தலைவரே, தைரியமா இருங்க" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"இங்க என்ன பண்றீங்க?" என்று அலறினார் நர்ஸ்.

"மாயக்காவுக்கு வலி கண்டிருச்சு, சீக்கிரம் பாருங்க" என்றார் தலைவர், வியர்வையைத் துடைத்தபடி. "எனக்கு இது தலைப்பிரசவம் நர்ஸம்மா. ஊசி மட்டும் கொஞ்சம் சின்னதா போடுங்க."