சடையாண்டி போட்ட சாம்பல் கோடு

கடவுள் புத்தியைப் பங்கு வைத்த அன்று கொழுஞ்சிப்பட்டிக்காரர்களும் போனார்களாம். கூட்டம் நெருக்கியடித்தது. "நாளைக்கு வந்து நிதானமா வாங்கிக்கலாம்" என்று திரும்பிவிட்டார்கள். அந்த நாளை இன்னும் வரவில்லை. எங்கள் ஊர்தான், மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த ஊரில் சடையாண்டி என்றொருவன். நல்ல உழைப்பாளி, புத்தி மட்டும் ஊரளவு. அவன் பெண்டாட்டி வெள்ளையம்மா கீழத்தெருவில் பிறந்து மேலத்தெருவில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டுக்குப் பின்னால் அவள் போட்டிருந்த அவரைப் பந்தலும் கீரைப்பாத்தியும் அவளுக்கு உயிர். தங்கைக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று ஆத்தா வீட்டுக்குக் கிளம்பியவள், வாசலில் நின்று விரலை நீட்டினாள்.

"தோட்டத்துல நத்தை நடமாட்டம் இருக்கு. நான் திரும்பி வர்றப்ப ஒரு இலை குறைஞ்சிருந்தாலும், வந்த காலோட எங்க ஆத்தா வீட்டுக்கே போயிருவேன். பெறகு நீங்களே கஞ்சி காய்ச்சிக் குடிங்க!"

கஞ்சி கிடக்கட்டும், அவள் இல்லாத வீட்டில் சடையாண்டியைத் திட்டக்கூட ஆள் கிடையாது. அவள்மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம்.

மாயழகு, தவசி என்ற தன் இரண்டு கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு சந்தைக்கு ஓடினான். அங்கே விதை விற்பவர் அவசரத்தில் இருந்தார். "உப்பைக் கண்டா நத்தை செத்துப்போகும். இல்லையா, ராத்திரி ஈரச்சாக்கை விரிச்சு வைங்க, விடிஞ்சதும் எல்லாம் அதுக்கடியில கிடக்கும். தோட்டத்தைச் சுத்திச் சாம்பல் போட்டா ஒரு நத்தையும் தாண்டாது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

முதலில் உப்பு. ஒரு தட்டு நிறையக் கல்லுப்பை எடுத்துக்கொண்டு போய், கீரைப்பாத்தியில் இருந்த நத்தைக்கு எதிரே பவ்வியமாக நீட்டினான் சடையாண்டி. நத்தை கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டது.

"கண்ணை மூடிக்கிச்சுடா!" என்றான் தவசி.

"உப்பைக் கண்டாத்தானே சாகணும்? அதான் காணமாட்டேங்குது. விவரமான நத்தை" என்றான் மாயழகு.

"நம்மளைவிடவா?"

"நம்மளைவிட விவரமில்லாத நத்தை எங்கடா இருக்கு?" என்றான் சடையாண்டி வருத்தத்தோடு.

தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, நத்தை அசந்த நேரம் பார்த்துத் திடீரென்று காட்டினார்கள். அதற்குள் கண்ணை மூடிவிட்டது. கடைசியில் குழம்புக்கு உப்பில்லை என்று தட்டை அடுப்படிக்கே எடுத்துப் போனார்கள்.

அன்றிரவு ஈரச்சாக்கை விரித்தார்கள். விடிந்ததும் தூக்கிப் பார்த்தால், தோட்டத்து நத்தை எல்லாம் அதற்கடியில்தான். தவசிக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

"சொன்ன வாக்குத் தப்பலை பாரு! பெரிய மனுசன்டா அவரு."

"சரி, இப்ப என்ன செய்யணும்?" என்றான் சடையாண்டி.

மூவரும் யோசித்தார்கள். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லையே! வெயில் பட்டுவிடப் போகிறதென்று சாக்கைப் பழையபடி மூடினார்கள். சாக்கு ஈரமாக இருக்க வேண்டும் என்பதால் தினமும் தண்ணீர் தெளித்தார்கள். நத்தைகள் பகலெல்லாம் குளுகுளுவென்று தூங்கி, இரவெல்லாம் அவரையை மேய்ந்து, கண்ணுக்கு நிறைவாகக் கொழுத்தன.

மிச்சம் இருந்தது சாம்பல். வீட்டுச் சுவரில் தொடங்கி, தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி வீட்டுச் சுவரிலேயே முடிகிற மாதிரி கனமான கோடு போட்டார்கள். உள்ளேயிருந்து ஒரு நத்தை ஊர்ந்து போனது. சாம்பலைத் தொட்டது. திரும்பித் தோட்டத்துக்கே வந்தது.

"தாண்டலை!" என்று மாயழகு குதித்தான்.

சடையாண்டிக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. "ஏன்டா, நத்தையெல்லாம் உள்ள இல்ல இருக்கு? இனிமே எப்படி வெளிய போகும்?"

"கோட்டை அழிச்சிருவோமா?"

"அழிச்சா வெளிய இருக்கிற நத்தை உள்ள வந்துருமே!"

"வெளிய நத்தை இருக்கா?"

"இல்லை. எல்லாம் உள்ளதான்."

"அப்ப கோடு நல்லாத்தான் வேலை செய்யுது" என்று தீர்ப்புச் சொன்னான் தவசி.

மறுநாள் வெள்ளையம்மா வருவதாகச் சேதி வந்தது. சடையாண்டி அழாத குறை. நத்தை போகாது, இலை தங்காது. அப்போதுதான் மாயழகுக்குப் பொறி தட்டியது. நத்தை தின்பதற்கு முன்னால் நாமே பறித்து வைத்துவிட்டால்? இருட்டியதும் பந்தலிலும் பாத்தியிலும் இருந்த இலைகளை ஒன்றுவிடாமல் பறித்து, இலைக்கடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்காமலே, ட்ரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். சடையாண்டி சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு நிம்மதியாகத் தூங்கினான்.

வெள்ளையம்மா வந்தாள். மொட்டைப் பந்தலைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் சடையாண்டி பெருமையோடு பெட்டியைத் திறந்தான். உள்ளே காம்பும் நரம்பும் கிடந்தன. நடுவில் குண்டு குண்டாக நத்தைகள் உட்கார்ந்திருந்தன.

சடையாண்டி ஒரு கணம்தான் திகைத்தான். "ஒரு இலைகூடக் குறையலை, வெள்ளையம்மா. எல்லாம் இதுங்க வயித்துக்குள்ள பத்திரமா இருக்கு. பூட்டுத்தான் போட்டிருந்தேனே!"

அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். சடையாண்டிக்குக் கண்ணில் நீர் முட்டியது. "போகாத, வெள்ளையம்மா" என்றான்.

தவசிக்கு நண்பன் படும் பாடு பொறுக்கவில்லை. சாம்பல் கூடையைத் தூக்கிக்கொண்டு அவளை முந்தித் தெருவுக்கு ஓடினான். வாசற்படிக்கு வெளியே, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக, கனமாக ஒரு கோடு இழுத்தான்.

வெள்ளையம்மா தூக்கிய காலை அப்படியே நிறுத்தினாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். எங்கும் இடைவெளி இல்லை. பையைப் பொத்தென்று கீழே வைத்தாள்.

"பாவிகளா! நத்தையே தாண்டாத கோட்டை நான் எப்படித் தாண்டி எங்க ஆத்தா வீட்டுக்குப் போவேன்?"

அவளும் எங்கள் ஊரில் பிறந்தவள்தானே. சடையாண்டி பூரித்துப் போய் அடுப்பை மூட்டினான். வெள்ளையம்மா திட்டிக்கொண்டே உலை வைத்தாள்.

பொழுது சாய, மகள் கோபித்துக்கொண்டாள் என்று கேள்விப்பட்டு, கூட்டிப்போக ஆத்தாவே வந்தாள். கோட்டைப் பார்த்ததும் நின்றாள். பெருமூச்சு விட்டபடி, கூடையோடு தெருவில் உட்கார்ந்திருந்த தவசியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீ எவ்வளவு நேரமாப்பா இங்க மாட்டிக்கிட்டுக் கிடக்க?" என்று பரிவோடு கேட்டாள்.