தோழரின் சேம்பர்

செங்கல் சூளைத் தொழிலாளர் சங்கத்துக்கு முப்பது வருடம் கதவே கிடையாது. ஓலைக் கொட்டகைக்கு எதற்குக் கதவு? கட்டடம் வந்தது, கதவு வந்தது. கதவுக்குப் பின்னால் ஏசி வந்தது. செயலாளர் அந்தோணிராசுக்குத் தனி அறையும் வந்தது.

அன்று காலை பெயிண்டர் அந்தக் கதவில் எழுதிவிட்டுப் போனார்: ‘தோழர் அந்தோணிராசு, செயலாளர் சேம்பர்.’

மத்தியானம் சாப்பிட வெளியே வந்த அந்தோணிராசு திடுக்கிட்டு நின்றார். பெஞ்சில் பரமசிவம் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். துண்டுப் பிரசுரங்களை வைத்தே அந்தோணிராசுக்கு எழுத்தும் அரசியலும் சொல்லிக்கொடுத்தவர். அவரோடு ஜெயிலுக்கும் போனவர்.

“எப்ப வந்தீங்க? உள்ள வர வேண்டியதுதானே வாத்தியாரே!”

“பத்து மணிக்கு வந்தேன். யாரையும் விடக் கூடாதுன்னு ஆபீஸ் பையன்கிட்ட சொல்லியிருக்கியாமே.”

அந்தோணிராசுக்கு முகம் சுட்டது. பேச்சை மாற்றக் கதவைக் காட்டினார்.

“இந்த சேம்பர்தான் உறுத்துது. நல்ல தமிழ் வார்த்தை ஒண்ணு சொல்லுங்க, மாத்திடலாம்.”

“வார்த்தை என்னடா பாவம் பண்ணுச்சு? லத்தீன்ல அது காமெரா. வளைஞ்ச கூரை போட்ட அறை. கலெக்டர் உட்கார்றதும் சேம்பர், நம்ம ஆளு வேகுற சூளையும் சேம்பர். போட்டோ பிடிக்கிற கேமராவும் அதே குடும்பம்தான். இருட்டறை.”

“அட!”

“இன்னொரு பிள்ளையும் உண்டு. ஒரே அறையில படுக்கிறவனுக்கு ஸ்பெயின்காரன் அதுலேர்ந்தே ஒரு பேர் வச்சான். அது ஊர் ஊராச் சுத்தி காம்ரேடு ஆச்சு. நாம தோழர்ங்கிறோம்.”

“அப்ப கதவுல இருக்கிற ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளையா?”

“சப்ஜெயில் ஞாபகம் இருக்கா?”

“இல்லாம? ஒரு அறையில பதினோரு பேர். ஒருத்தன் புரண்டா அத்தனை பேரும் புரளணும். உங்க முழங்கை இன்னும் என் விலாவுல இருக்கு.”

அந்தோணிராசு சிரித்தார். வாத்தியார் சிரிக்கவில்லை.

“நான் வரும்போது இந்த பெஞ்சுல தங்கபுஷ்பம் இருந்தா. அவ புருஷன் சூளைக்கு மேல நடந்து கரி போட்டப்ப கூரை உள்வாங்கி ரெண்டு காலும் வெந்துபோச்சு. ஆஸ்பத்திரிக்கு உன் கடுதாசி வேணும்னு வந்தா. கதவுகிட்ட நின்னு மூணு தடவை ‘தோழர்’னு கூப்பிட்டா. அப்புறம் போயிட்டா.”

ஏசி சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லலாம். அந்தப் பொய் அந்தோணிராசின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

முதல் தடவை அவர் நிமிர்ந்து பார்த்திருந்தார். இரண்டாவது தடவை யாராவது போய்ப் பார்ப்பார்கள் என்று நினைத்தார். மூன்றாவது தடவை, பார்க்க யாருமில்லாத அந்த அறையில், எதையோ படிப்பதுபோல ஒரு காகிதத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

“கேட்டுச்சு,” என்றார்.

வாத்தியார் குனிந்து செருப்பை மாட்டினார்.

“சேம்பரை இப்பவே அழிக்கச் சொல்லிடுறேன், வாத்தியாரே.”

“அது இருக்கட்டும், உண்மைதானே. அவ மூணு தடவை கூப்பிட்டாளே, அந்த வார்த்தையைத் தொடச்சிடு. பெயிண்ட் இன்னும் காயலை.”