அதிகாரி கவிழ்த்த டயர்

"என் போட்டோ ஒரு இன்ச் கூடக் குறையக் கூடாது. ஆனா எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் டெங்கு புரியணும்!" என்று மேசையைத் தட்டினார் சுகாதார அதிகாரி தணிகாசலம்.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறவன். அவர் கேட்ட போஸ்டரில் முக்கால்வாசி அவர் முகம்தான். மிச்ச இடத்தில் எறும்பு சைசில் எழுத்து. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். இந்த முகத்தைப் பார்த்தால் கொசு ஓடிவிடுமா? எத்தனை தடவை மாற்றிக் கொடுத்தாலும் இதே பாட்டு.

"சார், உங்க போட்டோவை இன்னும் பெருசாக்கிடலாமா?" என்றேன்.

"அப்படிச் சொல்லு தம்பி!"

"கும்பிடுற போட்டோ வேணாம். கொசு வளர்ற தண்ணியை நீங்களே கொட்டுற மாதிரி எடுப்போம். எழுத்தே தேவைப்படாது."

"பிரமாதம்! தேங்கின தண்ணிக்கு எங்கே போறது?"

"ரொம்பத் தூரம் இல்ல சார்."

அவர் ஆபீஸுக்கே கூட்டிப் போனேன். வாசலில், பெயர்ப்பலகைக்குக் கீழேயே, அவர் ஜீப்பின் பழைய டயர் கிடந்தது. உள்ளே தண்ணீர், அதில் நெளிகிற கொசுப்புழு. கேமராவைப் பார்த்ததும் மனுஷன் எதையும் யோசிக்கவில்லை. பல்லெல்லாம் தெரிய டயரைக் கவிழ்த்தார்.

கடைக்கு வந்து படத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்த பிறகுதான் அவர் சிரிப்பு நின்றது.

"டேய், பின்னாடி எங்க ஆபீஸ் போர்டு தெரியுதுடா! அதை அழிச்சிட்டுப் பிரிண்ட் போடு."

"சரி சார்" என்றேன்.

மறுநாள் ஊரெல்லாம் அந்தப் படம். எங்கள் தெருவில் எல்லோரும் சிரித்துக்கொண்டே டயரையும் குடத்தையும் கவிழ்த்தார்கள். போஸ்டரில் இருந்த ஒரே எழுத்து அந்த போர்டுதான். அதை நான் அழிக்கவில்லை.